கெட்ட சித்தி வந்த பகல்

"கதையில வர்ற சித்தி மட்டும் ஏன் எப்பவும் விஷம் வைக்கிறா?" என்று குழந்தை முன்பு ஒருநாள் கேட்டபோது, டிவி தொடருக்குக் கதை எழுதும் அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். பதில் தெரியாமல் இல்லை. பெற்றவள் மீது வரும் பயத்தையும் கோபத்தையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அதற்குத்தான் கதைக்குக் கதை ஒரு சித்தி. அவளை மனதாரத் திட்டிவிட்டால், அம்மாவை நிம்மதியாக நேசிக்கலாம். அந்தச் சூட்சுமத்தில்தான் கதை எழுதுகிறவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஆனால் அந்தக் குழந்தைக்கு அவளே சித்தி.

இன்று அதன் உடம்பு அனலாய்க் கொதித்தது. அவளை இரண்டாந்தாரமாய்க் கட்டிய அப்பா கப்பலில், நடுக்கடலில். "சாயங்காலத்துக்குள்ள மருந்து உள்ள போயே ஆகணும். இல்லன்னா புள்ள தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். குழந்தையோ பல்லை இறுகக் கடித்துக்கொண்டது.

"மாட்டேன். விஷம் வச்சிருக்க. டிவில அப்படித்தான் வச்சா."

அவளே எழுதிய காட்சி. கெஞ்சினாள். ஒரு வாய் தானே குடித்துக் காட்டினாள். குழந்தை துப்பிய மருந்து தலையணையில் சிவப்பாகப் படர்ந்தது. கடவுளே, நான் எழுதினதுக்கு இவளைத் தண்டிக்காதே.

வேறு வழியில்லாமல், தொடரில் சித்தியாக நடிப்பவளுக்குப் போன் செய்தாள்.

"என்ன எழுத்தாளரம்மா, இன்னிக்கு யாருக்கு விஷம் வைக்கணும்?"

"வெளையாடாதீங்கக்கா. உடனே வாங்க. அதெல்லாம் வெறும் நடிப்புன்னு புள்ளகிட்ட நீங்களே சொல்லுங்க."

நடிகை கையில் ஒரு துணி முயலோடு, வாயெல்லாம் சிரிப்பாக வந்தாள். பார்த்த மாத்திரத்தில் குழந்தை வீரிட்டு அலறி, சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. முதன்முறையாக.

நடிகையின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு புரிந்துகொண்டாள். முயலைப் பைக்குள் திணித்தாள். தொடரில் வரும் சித்தியைப் போலப் புருவத்தை உயர்த்தினாள்.

"அந்த மருந்தை இங்க குடுடி! இவ பொழைக்கவே கூடாது. சாக்கடையில கொட்டிடறேன்!"

"குடுக்காத சித்தி!" குழந்தை சித்தியின் கையிலிருந்த மருந்துக் கரண்டியைப் பிடித்திழுத்து ஒரே மடக்கில் விழுங்கியது.

நடிகை படியிறங்கும்போது மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒரு குழந்தையின் அன்பை விட்டுக்கொடுப்பதும் தானம்தான்.

சாயங்காலம் காய்ச்சல் வியர்த்து இறங்கியது. குழந்தை தூங்கியபின் அவள் மறுநாள் படமாக வேண்டிய காட்சித் தாளை எடுத்தாள். சித்தி குழந்தையை இருட்டறையில் பூட்டிவிட்டுப் போகிறாள். அதன் கீழே, யாரிடமும் கேட்காமல், அவள் எழுதிச் சேர்த்தாள்:

'சித்தி திரும்பி வருகிறாள். யாரும் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் தாழ்ப்பாளை நீக்குகிறாள்.'