பெரிதாக்கிய கண்

கனடாவில், யூனியன்வில்லில் ரதி அன்ரி வீட்டுப் பேஸ்மென்றில் இருபது பேர் மீன் ரோல்ஸும் கையுமாக இருந்தார்கள். அன்ரியின் மகள் மதுராவுக்குப் பன்னிரண்டு வயது. அவள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டின் வீடியோ ஓடத் தொடங்கிப் பத்து விநாடி ஆகியிருக்கும். அதைப் படம்பிடித்த லக்சிகா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். குடும்பத்துக்கென்று அவள் எடிற் பண்ணியது அல்ல அது. தனக்கென்று செய்தது.

லக்சிகா பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் வாய் திறக்கப் பயம். மோர்னிங்சைட்டில் அன்புராசா அண்ணையின் வீடியோ ஸ்ரூடியோவில் சேர்ந்து இரண்டு வருடம். வேலை இல்லாத நேரங்களில் பழைய இத்தாலியக் கொலைப்படங்களைப் பார்ப்பாள். ஜல்லோ என்பார்கள். கொலைகாரனின் முகம் தெரியாது, கறுத்த தோல் கையுறைதான் தெரியும். கமராவே அவனுடைய கண்ணாகி ஒரு பெண்ணின் பின்னால் போகும். சிவப்பு வெளிச்சம், தாலாட்டுப் போல ஓர் இசை, பிறகு திரை முழுக்கப் பயந்த ஒரு கண். இரத்தம் வந்தால் லக்சிகா முகத்தைத் திருப்பிவிடுவாள். அந்தக் கண்ணுக்காக மறுபடியும் போட்டுப் பார்ப்பாள்.

போன வாரம் மதுராவின் வீடியோவை முடித்த கையோடு, அதே காட்சிகளை வைத்து அப்படி ஒன்று செய்து பார்த்தாள். கடைசியாகச் சேமித்ததுதான் சரியானது என்பது ஸ்ரூடியோ வழக்கம். அண்ணை அதைத்தான் எடுத்து வந்திருந்தார்.

திரை சிவந்து கிடந்தது. முகமில்லாத கைகள், வளையல் குலுங்க, மதுராவின் பின்னாலிருந்து வந்தன. ஒரு கொண்டை ஊசி மினுங்கியது. தாலாட்டு மெல்ல ஏறியது.

"எடேய் அன்புராசா," என்றார் குலசிங்கம் மாமா, "பிள்ளைக்குச் சாமத்தியவீடோ, செத்தவீடோ?"

எல்லாரும் சிரித்தார்கள். மதுராவின் கண் திரையை நிறைத்ததும் சிரிப்பு நின்றது. கண்ணீர் விளிம்பில் நடுங்கிக்கொண்டிருந்தது. சோபாவில் இருந்த மதுரா குஷனை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"நிப்பாட்டுங்கோ," என்றார் ரதி அன்ரி. சத்தம் போடவில்லை.

அண்ணை வயரைப் பிடுங்கினார். "கொம்பியூட்டர் பிழை, அக்கா. நாளைக்கே சரியானதைக் கொண்டு வாறன்." லக்சிகாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. நாலு பேருக்கு முன்னால் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வாசலில் சப்பாத்தைத் தேடிக்கொண்டு நின்றபோது மதுரா வந்தாள்.

"அக்கா, எனக்குத் தலை கட்டேக்கை ரூமுக்குள்ளை கமரா பிடிச்சது நீங்கள்தானே?"

"ஓம்."

"கொண்டைப் பின் குத்துது எண்டு சொன்னனான். அன்ரிமாருக்குக் கேக்கேல்லை. உங்களுக்குக் கேட்டதோ?"

"கேட்டது."

"பிறகேன் ஸூம் பண்ணினீங்கள்? ஐ மீன், ஏன்?"

கொம்பியூட்டர் பிழை என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அன்று அந்த அறையில் கமரா முக்காலியில் நின்றது; அவளுடைய ஒரு கை சும்மாதான் இருந்தது. நீட்டியிருந்தால் ஊசியில் பட்டிருக்கும். மற்றக் கை லென்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"கண் வடிவா இருந்தது," என்றாள்.

மதுராவின் கை தன்பாட்டில் பின்னந்தலைக்குப் போயிற்று. "ஓ," என்றாள். பிறகு லக்சிகா சப்பாத்தை எடுப்பதற்கு வழிவிட்டு, சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

லக்சிகா குனிந்தாள். லேசைக் கட்ட வரவில்லை. கட்டாமலே வெளியில் இறங்கினாள்.