தலை ஒரு பேப்பரில், கால் ஒரு பேப்பரில்

எல்லை தாண்டி கர்நாடகத்து அத்திப்பள்ளியில் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டு வந்த மதுரைவீரன், போண்டா சுற்றிக் கொடுத்த கன்னடப் பேப்பரை மகளிடம் நீட்டினார்.

"பாப்பா, டீக்கடையில இதைக் காட்டிக் காட்டி சிரிக்கிறானுங்க. 'நோடப்பா, நிம்ம லீடரு'ன்றான், உங்க தலைவரப் பாருன்னு. இது நீ போட்ட படம்தான?"

யுவஸ்ரீ எண்ணெய்க் கறையை விரலால் வழித்துவிட்டுப் பார்த்தாள். அவள் போட்டதுதான். ஆனால் பாதி.

முழுப்படம் இப்படி. எல்லைக் கோட்டின் மேல் ஒரு குட்டியானை சரக்கு வண்டிக்காரர் மல்லாந்து கிடக்கிறார். அவர் வயிற்றில் பெட்ரோல் பங்க் குழாய் சொருகியிருக்கிறது. அது இரண்டாகப் பிரிந்து, தமிழ்நாட்டுத் தலைவர் வாய்க்கு ஒன்றும் கர்நாடகத் தலைவர் வாய்க்கு ஒன்றுமாகப் போகிறது. உறிஞ்சிக்கொண்டே இருவரும் எதிரெதிரே விரல் நீட்டி, "டீசல் விலை ஏறினதுக்கு அவர்தான் காரணம்" என்கிறார்கள். கிடக்கிறவருக்கு அப்பாவின் மூக்கையே வைத்திருந்தாள்.

வெங்கடப்பன் ஒரே வாரப் பத்திரிகையை ஓசூரில் தமிழிலும் அத்திப்பள்ளியில் கன்னடத்திலும் விற்கிறவர். தமிழில் கர்நாடகத் தலைவரை மட்டும் போட்டிருந்தார். கேட்டதற்கு, "இடமில்லம்மா, மீதி அடுத்த வாரம்" என்றார். அந்த மீதிதான் இப்போது எண்ணெயில் ஊறிக் கையில் இருந்தது. கன்னடத்தில் தமிழ்நாட்டுத் தலைவர் மட்டும். நடுவில் கிடந்த மனிதருக்குத் தலை ஒரு பேப்பரில், கால் ஒரு பேப்பரில். வயிறு எதிலும் இல்லை.

முதல் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் பத்திரிகை ஆபீஸில் போய் நின்றாள்.

"ரெண்டு மாநிலத்துலயும் உன் பேர் வந்திருக்கு. ஓசூர்ல எந்தப் பொண்ணுக்கும்மா இது கிடைக்கும்?" என்றார் வெங்கடப்பன்.

"ஒரு ஆளை ரெண்டா அறுத்துட்டு, ரெண்டு துண்டுலயும் என் பேரை ஒட்டியிருக்கீங்க சார்."

"ஏம்மா கத்தற? இங்க இந்த ஆளைத் தொட்டா விளம்பரம் வராது. அங்க அந்த ஆளைத் தொட்டா ஆபீஸ் கண்ணாடி மிஞ்சாது. ஜனங்களுக்கும் எதிர்ப்பக்கத்தானைத் திட்டினாத்தான் இனிக்குது."

"எங்கப்பா எந்தப் பக்கம் சார்?"

அவர் சிரித்தார். "கோவத்தை விடு. இங்கயே வேலைக்கு வந்துடு, மாசச் சம்பளம். நீயே ரெண்டு படமா தனித்தனியாப் போட்டுக் குடு. எனக்கும் வெட்டற வேலை மிச்சம்."

இதற்குத்தானே இத்தனை நாள் ஏங்கினாள். வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. கம்பெனியில் காண்ட்ராக்டில் நின்று போல்ட்டின் பிசிறு பார்க்கிறாள். "காலேஜ் முடிச்சிட்டு போல்ட் பொறுக்கறா" என்று சொந்தக்காரர்கள் கேலி பேசாத விசேஷம் கிடையாது. உட்கார்ந்து படம் போட ஒரு நாற்காலி! அதை இந்த ஆளா நீட்ட வேண்டும்? ஒரு கணம் ஆசைப்பட்டதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"இதை முழுசாப் போடுவீங்களா? ரெண்டு பேப்பர்லயும்?"

"மாட்டேன்."

"அப்ப கத்திரிக்கோல் நல்லாப் பிடிக்கிற ஆளாப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா தளிக்கு லோடு ஏற்றப் போகுமுன் வண்டியின் பின்கதவைத் துடைத்தாள். மைதாப் பசை காய்ச்சி இரண்டு பாதியையும் ஒட்டினாள். நடுவே ஒரு கை அகலம் இடைவெளி விட்டு, வயிற்றையும் குழாயையும் பெயின்ட்டால் கதவின் மேலேயே வரைந்தாள். சிவப்பு தாராளமாகச் செலவானது. இரண்டு துண்டிலும் இருந்த தன் பெயரில் ஒன்றைச் சுரண்டி எடுத்தாள்.

மதுரைவீரன் தள்ளி நின்று பார்த்தார். "என் தொப்பை இவ்ளோ பெருசா?"

"ரெண்டு பேர் குடிக்கணும்ல."

அவர் சிரிப்பு வந்த வேகத்தில் போய்விட்டது. "பாப்பா, இதோட போனா இந்தப் பக்கமும் நிறுத்துவான், அந்தப் பக்கமும் நிறுத்துவான். கண்ணாடிய ஒடச்சாலும் ஒடப்பான்."

"ஒடைக்கட்டும். முழுசாப் பாத்துட்டு ஒடைக்கட்டும்."

அவர் எட்டி டீசல் முள்ளைப் பார்த்தார், பின்கதவை இன்னொரு முறை பார்த்தார், ஏறி வண்டியைக் கிளப்பினார். யுவஸ்ரீ பெயின்ட் காயாத கையோடு மறுபக்கக் கதவைத் திறந்தாள்.

"நீ எங்க?"

"வண்டிய எடுங்கப்பா. படத்துல எம் பேருதான இருக்கு? கேக்கறவன் எங்கிட்ட கேக்கட்டும்."