அப்பாவின் ஓம்

பக்கவாதம் வந்த பிறகு டொமினிக்கின் வாயில் மிஞ்சியது, ஆமென்று சொல்லும் 'ஓம்' மட்டும். தேத்தண்ணி வேணுமோ என்றாலும் ஓம், வேண்டாமோ என்றாலும் ஓம். தான் விரும்பிய றெக்சனைக் கட்டவோ என்று மகள் கிருஷாந்தினி கேட்டபோதும் அதே ஓம். அதை நம்பி மாதா கோயிலில் கலியாண அறிவித்தல் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமைகளில் விடத்தல்தீவிலிருந்து மன்னாருக்கு, பேச்சுப் பயிற்சிக்கு அவரைக் கூட்டி வருவாள். வட்டமாகப் போட்ட கதிரைகளில் அவரைப் போலவே பேச்சுத் தடுமாறியவர்கள் சிலர். பயிற்சி கொடுக்கும் றினோஸாவுக்கு ஒரே ஒரு கட்டளைதான்: வீட்டார் முந்திக்கொண்டு பதில் சொல்லக் கூடாது.

"டொமினிக் ஐயா, நீங்கள் பொம்பிளையோ?" என்று அன்று றினோஸா சோதித்துக் கேட்டார்.

"ஓம்."

எல்லாரும் சிரித்தார்கள், டொமினிக்கும்தான். "அப்ப... மாப்... மாப்பிள்ளை பாப்பம்," என்று பக்கத்துக் கதிரை உம்மு குல்சூம் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார்.

மீன் வியாபாரி வஸீர் மட்டும் டொமினிக்கின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை..." என்றார். மூச்சு வாங்கி, "கை... பார்."

டொமினிக்கின் இடது கை 'இல்லை' என்று குறுக்கே ஆடிக்கொண்டிருந்தது.

கிருஷாந்தினி அந்தச் சைகையை அடையாளம் கண்டாள். மீன்பிடிக்கப் போகும் கடலில் இஞ்சின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. படகின் முன்பக்கம் நிற்கும் அப்பா கையால் காட்டுவார், பின்னால் இருப்பவர் அதைப் பார்த்து ஓட்டுவார். வீட்டில் எல்லாரும் இத்தனை நாளும் அவருடைய வாயையே பார்த்திருந்தார்கள்.

"நான் ஒண்டு கேக்கட்டோ, மிஸ்?"

"கேளுங்கோ."

"அப்பா, நான் றெக்சனைக் கட்டவோ?"

"ஓம்," என்றது வாய். கை, உள்ளங்கை கீழே பார்க்க, மெல்லத் தாழ்ந்தது. இஞ்சினைக் குறை. நிறுத்தச் சொல்லவில்லை.

"அவரைப் பிடிக்கேல்லையோ?"

கை குறுக்கே ஆடியது. அதுவல்ல.

"பின்னே என்னப்பா?"

டொமினிக் கையை நீட்டித் தன் பக்கமாக இழுத்தார். இன்னொருமுறை, இன்னும் வேகமாக. தூரத்துப் படகைக் கிட்ட வரச் சொல்லும் சைகை.

நோய் வந்த நாளிலிருந்து, அப்பாவுக்குச் சங்கடமாயிருக்கும் என்று றெக்சனை அவள் வீட்டுப் பக்கமே விடவில்லை.

"அவரைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"ஓம்." இந்தமுறை கையும், படகை விடு என்பதுபோல, முன்னே நீண்டது.

"இங்க... இங்க வரட்டும்," என்றார் உம்மு குல்சூம். "நாங்களும்... பாக்கோணும்."

கிருஷாந்தினி விறாந்தைக்குப் போய் போனை எடுத்தாள்.

"றெக்சன், வாற வியாழன் லீவு போடுங்கோ. அப்பா உங்களோட கதைக்கோணுமாம்."