வலது வரிசை

அந்தச் சந்தின் வீடுகளை இரண்டாகப் பிரித்தது ஒரு நாணயம். நிதி தரும் அறக்கட்டளையிலிருந்து வந்தவர், நடுவே ஓடிய சாக்கடைக்கு மேல் போட்டிருந்த பலகையில் நின்று அதைச் சுண்டிவிட்டுப் பிடித்தார். தலை விழுந்தது. இடது வரிசை வீடுகளுக்கு மாதாமாதம் ஒரு பச்சைப் பை: பருப்பு, முட்டை, எண்ணெய், பால் பவுடர். வலது வரிசைக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் இரண்டு வரிசையிலும் சின்னப் பிள்ளைகளின் கையை மாதாமாதம் அளப்பார்கள். வாங்கிய பிள்ளைக்கும் வாங்காத பிள்ளைக்கும் வித்தியாசம் தெரிந்தால்தானே கொடுப்பதில் பலன் உண்டா என்று தெரியும்?

வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் நாணயத்துக்குக் கைதட்டின. வலது வரிசைப் பிள்ளைகளும்தான்.

"பசிக்குதான்னு வயித்தைக் கேட்டா சொல்லாதா? அதுக்கு எதுக்குக் காசைச் சுண்டணும்?" என்றாள் இடது வரிசை இஸ்திரிக்காரி. அவளுக்கு மூன்று பிள்ளைகள். பை அவள் பக்கம் விழுந்திருந்தது. ஆனாலும் கேட்டாள். அப்படிப்பட்ட வாய்.

அளக்கும் வேலை, பை கொடுக்கும் தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவளுக்கு வந்தது. சந்தில் அவளுக்கு டேப்புக்காரி என்று பெயர். டேப்பு என்றால் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. பிள்ளையின் மேல்கையில் சுற்றி இழுத்தால் சின்ன ஓட்டையில் நிறம் தெரியும். பச்சை என்றால் பிள்ளை நலம். மஞ்சள் என்றால் இளைக்கிறது. சிவப்பு என்றால் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தரலாம். அதற்கு மேல் வலது வரிசைக்கு ஒரு வாழைப்பழம்கூடத் தரக் கூடாது. தந்தால் ஆராய்ச்சி கெட்டுப்போகும்.

வலது வரிசையில் ஏழாவது வீடு அவளுடைய அக்கா வீடு.

இதை அவள் அலுவலகத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள். அக்கா எட்டாவதோடு நின்று பழந்துணி பிரிக்கும் கொட்டகைக்குப் போனதால்தான் இவள் பட்டம் வாங்கினாள். குடும்பத்திலேயே முதல் பட்டம். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த வேலை, அக்கா பிள்ளையின் கையை அளப்பது.

அக்கா புருஷன் வேலை தேடிப் போனவன், இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறான். வீட்டில் அக்காவும் இரண்டரை வயதுப் பாப்பாவும்தான். டேப்புக்காரியைக் கண்டால் பாப்பா ஓடிவந்து சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றிக்கொண்டு நிற்கும்.

"பச்சையா சித்தி?"

"பச்சைதான் தங்கம்."

அதற்குத் தெரிந்த ஒரே நிறம் அதுதான். ஆகாயத்தைக் காட்டிக் கேட்டாலும் பச்சை என்றுதான் சொல்லும்.

ஆறு மாதம் இப்படியே போனது. ஆறாவது மாதம் நிறுவனத்தின் இயக்குநர் மேடம் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? ரெண்டு பக்கமும் பச்சையா இருக்கு. பை வாங்கினவங்களும் வாங்காதவங்களும் ஒரே மாதிரி இருந்தா, பை எதுக்குன்னு அறக்கட்டளையில கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

அவளுக்குக் காரணம் தெரியும். பை இடது வரிசையில் இறங்கும்; பலகையைத் தாண்டிப் பாதி வலது வரிசைக்குப் போய்விடும். எதிர்வீட்டுப் பிள்ளை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, தன் பிள்ளைக்கு மட்டும் ஊட்ட அந்தச் சந்தில் யாருக்கும் தெரியாது. இஸ்திரிக்காரி தினமும் காலையில் ஒரு தம்ளர் பாலைப் பாப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வாரத்துக்கு நாலு முட்டை டேப்புக்காரியே வாங்கித் தருவாள். கோடு போட்டவர்கள் சாக்கடையைப் பார்த்தார்கள், பலகையைப் பார்க்கவில்லை.

"பகிர்ந்துக்கறாங்க மேடம்." முட்டையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

"பகிர்ந்துக்கறாங்களா?" மேடம் முகம் செத்த எலியை மோந்ததுபோல் சுருங்கியது. "யாரைக் கேட்டு?"



"இங்க பாரும்மா. கடைசி அளவு இன்னும் மூணு மாசத்துல. வித்தியாசம் தெரிஞ்சா பெரிய நிதி வரும், அப்புறம் ரெண்டு பக்கமும் பை குடுத்துடலாம். தெரியலைன்னா இடது பக்கத்துக்கும் நின்னுடும். நீயும் வீட்டுக்கு, நானும் வீட்டுக்கு. போய் நிறுத்து."

இதை எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். பட்டம் வாங்கியவளுக்கு அது தோன்றவில்லை.

இடது வரிசையில் வீடு வீடாகப் போனாள். கொடுப்பது தெரிந்தால் பை நின்றுபோகும் என்றாள். பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இஸ்திரிக்காரி மட்டும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என் பாலு, என் தம்ளர், உன் அக்கா பிள்ளை வாயி. நடுவுல நீ யாருடி?"

"உங்க மூணு பிள்ளைக்கும் பை நின்னுடும்மா."

இஸ்திரிக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாப் படிச்சிருக்கே," என்றாள். பெட்டியைத் திரும்ப எடுத்தாள்.

அடுத்து அக்கா. அக்காவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"அப்போ பாப்பா இளைச்சாத்தான் பணம் வருமா?"

"மூணே மாசம்தான்க்கா. அப்புறம் வருஷக்கணக்கா பை வரும். இந்த வரிசைக்கே வரும்."

அக்கா சிரித்தாள். "அடிப்பாவி, முன்னாடியே சொல்லக் கூடாதா? பொறந்த அன்னிக்கே பட்டினி போட்டு இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேனே!" சிரிப்பு அடங்கியதும் கேட்டாள். "நீ கொண்டாற முட்டை?"

"அதுவும்தான்."

அக்கா பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சரி. நீ படிச்சவ. உனக்குத் தெரியும்."

முதல் மாதம் பச்சையின் ஓரம். இரண்டாவது மாதம் மஞ்சள். ஒரு நாள் காலையில் இஸ்திரிக்காரி தம்ளரை முந்தானையில் மறைத்துக்கொண்டு பலகையைத் தாண்டிப் போனதை டேப்புக்காரி குழாயடியிலிருந்து பார்த்தாள். அக்கா கதவைத் திறக்கவில்லை. "வேணாம் அண்ணி, கொண்டு போ. என் தங்கச்சி சொல்லியிருக்கா," என்று உள்ளிருந்தே சொன்னாள். வரிசை முழுக்க அப்படித்தான் இருந்தது. நம்பிக்கை வந்துவிட்டால் ஏழைகளைப்போலப் பட்டினி கிடக்க யாராலும் முடியாது.

மூன்றாவது மாதம் சந்தில் பேதி வந்தது. இடது வரிசைப் பிள்ளைகள் நாலு நாளில் எழுந்து ஓடின. பாப்பா எழுந்திருக்கவில்லை.

கடைசி அளவு எடுக்கும் நாளில் பாப்பா அக்கா மடியில் கிடந்தது. சட்டைக் கையை ஏற்ற வேண்டியிருக்கவில்லை, அதுவே தொளதொளவென்று நழுவியது. டேப்பைச் சுற்றி இழுத்தாள். சிவப்பு.

அந்த நொடியில் அவள் நெஞ்சு துள்ளியது. துக்கத்தில் இல்லை. வந்துவிட்டது, நாம் ஜெயித்துவிட்டோம் என்று துள்ளியது. அந்தத் துள்ளலை அவள் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

"பச்சையா சித்தி?" குரல் காற்றாக வந்தது.

"பச்சைதான் தங்கம்."

அக்காவுக்குக் கண் இருந்தது. "சிவப்பு வந்துடுச்சுல்ல?" என்றாள். "இனிமே குடுத்துடுவாங்கல்ல?"

சீட்டு எழுதித் தந்தாள். விதிப்படி அவ்வளவுதான் செய்யலாம். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாப்பா பிழைத்தது. அக்காவுக்குக் கொட்டகை வேலை போனது.

அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நிதி வந்துவிட்டது, ஐந்து வருடத்துக்கு. சுவரில் பெரிய படம்: மேலே பச்சைக் கோடு, கீழே சரிந்து இறங்கும் சிவப்புக் கோடு. "நடுவுல இந்த இடைவெளியைப் பாரேன், எவ்வளவு அழகா வந்திருக்கு!" என்றார் மேடம். சிவப்புக் கோட்டின் அடியில் ஒரு புள்ளி தனியாகக் கிடந்தது. அந்தப் புள்ளி யார் என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"வலது பக்கத்துக்குப் பை எப்போ மேடம்?"

"அதாம்மா இந்த நிதியோட விசேஷமே. கிடைக்காத பிள்ளைங்க ஸ்கூல் போற வயசுல எப்படி இருப்பாங்கன்னு பாக்கணுமாம். அஞ்சு வருஷம் அப்படியே இருக்கணும். வலதைத் தொட்டா எல்லாம் போச்சு."

"குடுத்துடலாம்னு சொன்னீங்களே."

"நான் கேட்டேம்மா, அவங்க ஒத்துக்கல. உன்னை சூப்பர்வைசராப் போட்டிருக்கேன். நீ மட்டும் பகிர்ந்துக்கறாங்கன்னு சொல்லலைன்னா நாம எல்லாரும் தெருவுலதான். இந்தா, கேக் எடு."

அவள் கேக்கைத் தின்றாள். இனிப்பாகத்தான் இருந்தது. அளவு பதியக் கொடுத்த புது டேப்லெட்டையும் வாங்கிக்கொண்டாள். அதில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தார்கள்: 'இந்த வாரம் வேறு வீட்டிலிருந்து உணவு வந்ததா?' ஆம் என்று அழுத்தினால் எந்த வீடு என்று கேட்கும். அந்த வீட்டுக்குப் பை நிற்கும்.

அவள் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கத்துவாள், டேப்லெட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிவாள் என்று காத்திருந்தாள். அக்கா கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

அப்போது இஸ்திரிக்காரி பட்டப்பகலில் தம்ளரை மறைக்காமல் பலகையைத் தாண்டி வந்தாள். டேப்புக்காரியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எழுதிக்கோடி. பத்தாவது வீடு, இஸ்திரிக்காரி, ஒரு தம்ளர் பாலு. நல்லா எழுது."

அக்கா எழுந்து தம்ளரைத் தொட்டுத் திருப்பினாள். "வேணாம் அண்ணி. உன் மூணு பிள்ளைங்க வாயில மண்ணைப் போட்டுட்டு எம் பிள்ளைக்கு இறங்குமா?"

இஸ்திரிக்காரி நின்றாள். பிறகு திரும்பிப் போனாள். பலகை அதிர்ந்து ஒரு சொட்டுப் பால் சாக்கடையில் விழுந்தது.

டேப்புக்காரி 'இல்லை' என்று அழுத்தினாள். உண்மைதான். பொய் சொல்ல வேண்டிய சிரமம்கூட அவளுக்கு வராமல் அக்கா பார்த்துக்கொண்டாள்.

அக்கா உள்ளே போய்ப் பாப்பாவைத் தூக்கிவந்து அவள் மடியில் வைத்தாள். சட்டைக் கையைத் தானே தோள்வரை ஏற்றினாள்.

"அளந்துக்கோ. அதுக்குத்தானே வந்தே."

டேப்பைச் சுற்றினாள். பச்சையா என்று பாப்பா கேட்கும், என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே இழுத்தாள். பாப்பா கேட்கவில்லை. கழுத்தை வளைத்து ஓட்டைக்குள் தானே எட்டிப் பார்த்தது.

"மஞ்ச," என்றது.