சாப்பிட்டு முடிச்சிட்டு வா

தம்பியின் போனை அதன் மூன்று கால் ஸ்டாண்டோடு பிடுங்கிச் செருப்பு அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து யாரோ உறவுக்காரர், "படம் இருட்டா இருக்கே, கேக்குதா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றே? வர முடியாதவங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க."

"எதைப் பார்க்கிறாங்க? அப்பா என்ன கிரிக்கெட்டா?"

தனியாக இருந்துவந்த தன் வீட்டுக் கூடத்தின் நடுவே அப்பா படுத்திருந்தார். வண்டி பதினோரு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். சுவரோரமாக உட்கார்ந்து தலையைக் குனிந்திருந்தவர்களில் பாதிப்பேர் துக்கத்தில் குனியவில்லை. ஒவ்வொருவர் கையிலிருந்தும் போனைப் பிடுங்கி அந்த அலமாரியையே நிரப்பிவிடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. நேற்று இரவிலிருந்து அந்த ஆத்திரத்துக்கு ஆள்தான் கிடைக்கவில்லை.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "அப்பா போனைப் பார்த்தேன். எட்டு பத்துக்கு உனக்குக் கூப்பிட்டிருக்காரு. ஏன் எடுக்கலே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "சைலண்ட்ல கிடந்துச்சுப்பா. யாருமே கவனிக்கலே."

அவள் மறுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பதினைந்து வயது, எல்லாம் தெரியும் அவளுக்கு.

அது அப்பா போட்ட சட்டம். சாப்பாட்டு மேசைக்கு வந்தால் போன் ஃப்ரிட்ஜ் மேலே போய்விட வேண்டும். அடுத்தவர் சாப்பிடும் நேரத்தில் கூப்பிடவும் கூடாது. கூப்பிட்டே தீர வேண்டுமென்றால் இரண்டு ரிங் விட்டு வைத்துவிட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் அவர்களே கூப்பிடுவார்கள். மருமகன் ஒருமுறை மேசையில் மெசேஜ் பார்த்ததற்கு, அவர் தட்டை எடுத்துப்போய் போன் பக்கத்திலேயே வைத்தார் அப்பா. "ரெண்டு பேரும் பேசிக்கிட்டே சாப்பிடுங்க" என்றார். அன்றிலிருந்து அவள் வீட்டில் சட்டம் மீறப்பட்டதே இல்லை.

நேற்றும் இரண்டு ரிங்தான். மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, தாத்தா" என்று எழுந்தாள். இவள்தான் மகளை அதட்டினாள்: "உக்காரு. நடுவுல எழுந்தா தாத்தாவே திட்டுவாரு." அப்புறம் தட்டைக் கழுவி, மேசையைத் துடைத்து, சாவகாசமாகத் திருப்பிக் கூப்பிட்டபோது அப்பாவின் போனில் வேறு யாரோ பேசினார்கள். மருந்துக்கடையில் நாளெல்லாம் ஊராரின் நெஞ்சுவலிக்கு மாத்திரை எண்ணிக் கொடுப்பவள் அவள்.

வாசலில் நின்றிருந்த பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். தொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"மெக்கானிக் சார், உங்கப்பா, எனக்கும் போன் அடிச்சாரும்மா. சொல்லாம இருந்தா மனசு ஆறாது. நான் அப்ப சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். வாயில சோத்தோட பேசவும், 'சாப்பிடுறியா?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். 'சரி, நிதானமா சாப்பிட்டு முடிச்சிட்டு வா. அவசரம் ஒண்ணுமில்லே'ன்னாரு." அவர் தரையைப் பார்த்தார். "முடிச்சு, டப்பாவையும் கழுவி வச்சிட்டுத்தான் போனேன். கால் மணி நேரம் ஆயிருக்கும். கதவைத் திறந்து வச்சிட்டு நாற்காலியில உக்காந்திருந்தாரு. அவ்வளவுதான்."

தம்பி பாய்ந்தான். "என்னன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியாய்யா? உயிருக்குப் போராடுற மனுஷனைவிட சோறு பெருசா போச்சா உனக்கு?"

இப்போது எல்லாத் தலையும் நிமிர்ந்தது. ஆத்திரத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. அவள் சும்மா இருந்தாலே போதும். காலத்துக்கும் பழி அந்தத் தொப்பியின் மேலேயே கிடக்கும். அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை அவள் உணர்ந்தாள். மகள் இன்னும் பார்வையை எடுக்கவில்லை.

"அவரை விடுடா" என்றாள். "என் போன் சைலண்ட்ல இல்லே. அடிச்சது காதுல விழுந்துச்சு. இவ எடுக்கத்தான் எழுந்தா. உக்காருன்னு சொன்னது நான்."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அப்பாவின் தலைமாட்டுக்குப் போய் நின்றாள். லிஃப்ட் மெக்கானிக்காக நாற்பது வருஷம், உள்ளே சிக்கிக்கொண்டவர்களை வெளியே எடுத்த மனிதர், எதுவுமே நடக்காதவர்போல் படுத்திருந்தார்.

"மாட்டிக்கிட்டா பெல்லுல இருந்து கையை எடுக்காதீங்க, யாராவது வர்ற வரைக்கும் அழுத்திக்கிட்டே இருங்க, வெக்கப்படாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களேப்பா" என்றாள். குரல் உடைந்து கத்தலானது. "உங்களுக்கு மட்டும் ரெண்டு ரிங் போதுமா? வலிக்குதுன்னு சொல்றது மரியாதைக் குறைச்சலா?"

யாரும் அவளைத் தொடவில்லை. வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது மதியம் இரண்டாகிவிட்டது. கடையிலிருந்து சாப்பாடு வரவழைத்திருந்தார்கள். போகிறேன் என்ற வாட்ச்மேனை வற்புறுத்தி உட்கார வைத்து அவளே பரிமாறினாள். நாலு வாய் சாப்பிட்டிருப்பார். சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் பதறி இடது கையால் அதை அமுக்கினார்.

"எடுங்க."

"இருக்கட்டும்மா, சாப்பிட்டுட்டு..."

"எடுங்கண்ணா."

எடுத்தார். அந்தப் பக்கம் ஒரு குழந்தையின் குரல். செருப்பு வார் அறுந்துபோன கதை. எங்கே அறுந்தது, யார் சிரித்தார்கள், எப்படி நடந்து வந்தது. வாட்ச்மேன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ம், சொல்லு" என்றார். தண்ணீர் ஊற்ற வந்தவள் ஜாடியைச் சாய்க்காமல் நின்றாள். கதை முடிகிற மாதிரி இல்லை. கை வலித்தது, ஜாடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.