காத்திருந்த கார்கள்

என் வீட்டுக்காரர் காலையிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டு, தனியாளாக உட்கார்ந்து மூன்று வருடம் செய்த கார்ப் பந்தயக் கம்ப்யூட்டர் விளையாட்டு நேற்றுதான் வெளியாகியிருந்தது. புது விளையாட்டுகளைப் பற்றி எழுதும் ஒரு விமர்சகர் இன்று இதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தார். அவர் கழுவி ஊற்றிவிட்டால் பழைய மேனேஜரிடம் போய்க் கையைக் கட்டி நிற்க வேண்டியதுதான்.

எனக்குப் பயமே இல்லை. நான் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். நிஜக் காரின் ஸ்டீயரிங்கைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் இந்த விளையாட்டை முதலில் ஆடியதும், அதிகம் ஆடியதும் நான்தான். ஆரம்பத்தில் தோற்றுத் தோற்று, கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். பிறகு எப்படியோ கை பழகிவிட்டது, தினமும் ஜெயித்தேன். வேலையிடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன், பல் பிடுங்க வந்தவர்கள் உட்பட.

மத்தியானம் விமர்சனம் வந்தது. வீட்டுக்காரர் போனை என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உரக்கப் படித்தேன். விலை ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு. மழையில் சக்கரம் வழுக்குவது கையிலேயே தெரிகிறது. பெரிய கம்பெனிகள்கூட இவ்வளவு அழகாக வளைவுகள் போட்டதில்லை. மரங்கள்தான் அட்டையில் வெட்டி நட்டவை. எஞ்சின் சத்தம் மிக்ஸி மாதிரி இருக்கிறது. இதற்கு இருவருமே சிரித்துவிட்டோம். அது எங்கள் வீட்டு மிக்ஸியேதான். மேலே படித்தேன்.

"ஆனால் போட்டிக் கார்களுக்கு மரியாதை அதிகம். நாம் பின்தங்கினால், கடைசி வளைவில் வேகத்தைக் குறைத்து, முந்தும்வரை காத்திருக்கின்றன. இப்படி ஜெயித்து என்ன பயன்?"

அவர் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"ஐயோ, எடுக்க மறந்துட்டேன்."

"எதை?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

"எனக்காகப் போட்டீங்களா?"

"நீ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா அப்புறம் யாரு ஆடிப் பாப்பா? ஒரு வாரம் வச்சிட்டு எடுத்துடலாம்னுதான் இருந்தேன். நீ ஜெயிச்சதும் குதிச்சியா... அப்படியே விட்டுட்டேன்."

பற்றிக்கொண்டு வந்தது. அவமானமாகவும் இருந்தது. இந்த மனிதர் இன்னும் எதிலெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறார்? சீட்டாட்டத்திலா? சண்டைகளிலா? கல்யாணமானதிலிருந்து நான் ஜெயித்ததெல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தேகத்துக்குள் வந்தது.

"இப்பவே எடுங்க."

"எடுத்தா நீ..."

"என்னை விடுங்க. சரி பண்ணியாச்சுன்னு இன்னிக்கே அந்த விமர்சகருக்குச் சொல்லணும். பழைய ஆபீஸுக்கு உங்களை அனுப்ப நான் தயாரா இல்லை."

அவர் கீபோர்டில் தட்டத் தொடங்கினார். நான் பக்கத்திலேயே நின்று நகத்தைக் கடித்தேன். முடித்துவிட்டு அவரே ஆடிப் பார்க்கப் போனபோது கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் ஆடினால், கார்கள் காத்திருப்பது நின்றுவிட்டதா என்று தெரியாது. அவருக்கு அந்தப் பாதை கண்ணை மூடினாலும் மனப்பாடம்.

பந்தயம் தொடங்கியது. முதல் வளைவிலேயே ஐந்து கார்களும் என்னை விட்டுப் போய்விட்டன. இரண்டாவது வளைவில் வழுக்கி வேலியில் இடித்து, நிமிர்ந்து, மறுபடி ஓட்டினேன்.

"மெதுவா..." என்றார் பின்னாலிருந்து.

"பேசாதீங்க."

கடைசி வளைவில், பழக்கதோஷத்தில், எனக்காகக் காத்திருக்கும் கார்களைத் தேடினேன். ஒன்றுமில்லை. ஈரச் சாலை காலியாக நீண்டு கிடந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து விரலை எடுக்கவில்லை.