பெட்டியோடு நகர்ந்த மேடு

ஃபுளூரின் அணு ஹைட்ரஜன் மூலக்கூற்றில் மெதுவாக மோதினால் வினை நடக்க எவ்வளவு வாய்ப்பு? அதைக் கணக்கிட்டவளின் வரைபடத்தில், வேகம் கூடக் கூடச் சீராக ஏற வேண்டிய கோட்டின் மேல் இரண்டு மேடுகள் முளைத்திருந்தன. மேடு என்றால், அந்த வேகத்தில் அணுக்கள் பிரிய மனமில்லாமல் ஒரு கணம் ஒட்டி நிற்கின்றன என்று பொருள். அல்லது கணக்கு தப்பு என்று பொருள். எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கீழ்த்தளத்து ஆய்வகத்திலிருந்து 'லேசர்' வந்து நின்றான். எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் கணக்கில் கண்டதை நிஜத்தில் அளக்க வேண்டியவன்.

"அக்கா, எந்த மேட்டைத் தேடுறது? கருவியை ஒண்ணுக்குத்தான் அமைக்க முடியும். மறுபடி மாத்துறதுக்குள்ள என் ஒப்பந்தமே முடிஞ்சுரும். சும்மா ஒண்ணைக் கை காட்டுங்க."

"கை காட்ட நான் என்ன டிராபிக் போலீஸா? வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு."

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க."

"அப்போ பழகியிருக்கும். போடா."

அணுவை அலையாகத்தான் கணக்கிட வேண்டும். எல்லையில்லாத வெளியில் அலையை ஓடவிடக் கணினியால் முடியாது. ஒரு பெட்டிக்குள்தான் விடும். ஓரத்தில் அலை முட்டித் திரும்பாதிருக்க, அதை விழுங்கும் ஒரு பட்டையை வைப்பார்கள். அவளுடைய பட்டை, வேகமான மோதல்களை ஆராய்ந்து பெயர் வாங்கிய காலத்தில் அவளே அமைத்தது. அது அவளை ஒருமுறைகூடக் கைவிடாததால் அதை மட்டும் சோதிக்கவே இல்லை.

இயற்கைக்கு என் பெட்டியின் நீளம் தெரியாதே, நிஜ மேடானால் பெட்டியை நீட்டினாலும் இடம் மாறாதே என்று தோன்றியது. பெட்டியை நீட்டிக் கணக்கை ஓட்டினாள். கணவன் போன் செய்தான்.

"சாப்பிட்டியா?"

"மேடு நகருதான்னு பாத்துட்டுச் சாப்பிடுறேன்."

"மேடு எங்கயாவது நகருமா?"

"நகரக் கூடாது. அதான் விஷயமே."

முதல் மேடு நகர்ந்தது. இரண்டாவதும் மயிரிழை அசைந்தது. அதை வைத்து லேசரின் கடைசி வாய்ப்பைப் பணயம் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. காரணத்தைப் பிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தாள். வேகம் குறையக் குறைய அலை நீளும். நீண்ட அலைக்கு அந்தக் குறுகிய பட்டை கரையல்ல, சுவர்.

பட்டையை மாற்றி, பெட்டியை வெவ்வேறு நீளங்களில் ஓட்டிப் பார்த்தபின் கீழ்த்தளத்தை அழைத்தாள்.

"ரெண்டாவது மேட்டுக்கு அமை."

"முதல்ல இருந்தது?"

"பட்டையில முட்டித் திரும்பின அலை. பட்டையை அந்த அலையைவிட நீளமாக்கி, விழுங்குற வலுவைப் பூஜ்யத்துலேர்ந்து மெல்ல ஏத்தினேன். முதல் மேடு போயிருச்சு. ரெண்டாவது, இப்போ பெட்டியை எவ்வளவு நீட்டினாலும் அசையவே இல்ல."